கவ்வாத்துக் கத்திக்கு ஒரு பதிவு

கம்பளைக்கு அருகே, ஓல்ட் பீகொக் தோட்டத்து லயன் அறைகளில், கண்டி சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தொடங்கிய தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் பொருள்களை எல்லாரும் ரசிப்பார்கள். எனக்கு அவற்றைப் பதிந்துவைக்கும் வேலைமேல்தான் ஆசை. தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியொன்றை எடுத்தால் பிடி வழுவழுக்கும், அலகு சொரசொரக்கும். 'கத்தி' என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போக முடியாது. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் கையிலிருந்து வந்தது என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும். அருங்காட்சியகங்களுக்கான சிடொக் சிஆர்எம் என்ற பொருண்மை வரைவில் எனக்குப் பிடித்த நயம் ஒன்றுண்டு: பொருளையும் ஆளையும் அது பெரும்பாலும் நேரே முடிச்சுப் போடாது, நடுவில் ஒரு நிகழ்வை வைக்கும். கத்தியை அடித்தது ஒரு நிகழ்வு, அது கைமாறியது இன்னொன்று. கத்திக்கு ஒரு வாழ்க்கை கிடைத்துவிடுகிறது.

பிறகு, அந்தத் தோட்டம் எங்கே என்று காட்ட வரைபடம். மடிப்பில் நைந்த பழைய தோட்டப் பிளானை வருடி எடுத்து, செய்மதிப் படத்தின்மேல் விரித்து, கோயில், பாலம், தொழிற்சாலைக் கூரை என்று புள்ளி புள்ளியாகப் பொருத்துவார்கள். மலைச்சரிவு லேசில் இணங்காது. ஒரு மூலை பொருந்தினால் மறுமூலை ஆற்றுக்குள் விழும். பிளேன்டீ ஆறிப்போகும். மறுபடி இழுத்து, லயன் வரிசை கூரைகளோடு ஒட்டும்வரை விடமாட்டார்கள்.