ஹெமொக் சரி, மரம் எங்கே?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பொடியன்மார் ட்ரிப் போகிற பையில் இப்போது புதுச் சாமான் ஒன்று சேர்ந்திருக்கிறது. கையளவு உறைக்குள் சுருட்டி வைத்த நைலோன் துணி. விரித்துக் கட்டினால் ஓர் ஆள் படுக்கலாம். வாங்கியவரைக் கேட்டால், ரென்டுக்கு இனி வேலையில்லை என்பார். அவர் படித்த வழிகாட்டிகளும் அதையே சொல்கின்றன: பாரம் குறைவு, நிலம் மேடுபள்ளமாக இருந்தாலும் கவலையில்லை, முதுகு நோகாது, இரண்டு மரம் போதும். வழிகாட்டிகள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளிர்காட்டில் நடப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. கடலுக்கும் வயலுக்கும் நடுவே வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கிற எங்கள் கரையோரத்துக்கு அந்த ஆலோசனையில் எவ்வளவு பொருந்தும்? புதிதாகத் தொடங்குகிறவர் காசை எதில் போட வேண்டும்?

பொருந்துவதை முதலில் சொல்லிவிடலாம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ரென்டுக்குள் படுத்தவருக்குத் தெரியும், அது படுக்கையா போறணையா என்று. ஹெமொக்கில் உடம்புக்கு அடியிலும் காற்று ஓடும். குளிர் நாடுகளில் இதுதான் அதன் பெரிய குறை. அடியில் ஓடும் காற்று உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். படுப்பவரின் எடையில் நசுங்கிப்போன ஸ்லீப்பிங் பேக் அதைத் தடுக்காது. அதனால் அங்கே ஹெமொக்குக்கு வெளியே, அடிப்பக்கமாகத் தொங்கவிடும் போர்வை ஒன்றைத் தனியாக வாங்குகிறார்கள். பல வேளை அது ஹெமொக்கை விட விலை கூடியது. எங்கள் கரையில் அந்தச் செலவு முழுதாக மிச்சம். நக்கிள்ஸ் மலைப் பக்கமோ நுவரெலியாப் பக்கமோ போகிறவர் மட்டும் உள்ளே ஒரு மெல்லிய மெத்தை விரித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதுகு நோகாது என்பது பாதி உண்மை. நாங்கள் எல்லோரும் உம்மாவின் சேலையிலோ வாப்பாவின் சாரனிலோ கட்டிய ஏணையில் வளர்ந்தவர்கள். ஆகவே ஹெமொக்கும் அப்படித்தான், நடுவில் சுருண்டு படுக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். குழந்தைக்கு அது சரி. வளர்ந்த ஆள் அப்படி நீளவாக்கில் படுத்தால் முழங்கால் பின்பக்கமாக வளையும், தோள் நெரியும், ஒரு மணித்தியாலத்தில் எழுந்துவிடுவார். தலையை ஒரு பக்கமும் காலை மறு பக்கமுமாகத் துணியின் குறுக்கே சாய்த்துப் படுத்தால்தான் உடம்பு கிட்டத்தட்ட மட்டமாகும். அதற்குத் துணி நீளமாக இருக்க வேண்டும். படுப்பவரின் உயரத்தோடு ஏறத்தாழ 1.2 மீற்றரைக் கூட்டிக்கொள்வது பொதுவான கணக்கு. ஐந்தடி எட்டங்குலக்காரருக்கு 2.9 மீற்றருக்குக் குறையக் கூடாது, பழகியவர்கள் 3.3 மீற்றரை விரும்புவார்கள்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் பெயர் போன சாமான்களே தடுமாறுகின்றன. அமெரிக்க ஈனோ நிறுவனத்தின் டபள்நெஸ்ட் 2.8 மீற்றர் நீளம்தான்; அகலம் தாராளம், 180 கிலோ வரை தாங்கும், இருவர் இருந்து கதைக்கலாம். இருவர் இரவு முழுக்கத் தூங்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் அதில் தூங்கியதில்லை. ஸ்கொட்லாந்தின் டிடி ஃபுரொன்ட்லைன் 2.7 மீற்றர். நீளத்தில் அதுவும் தோற்கிறது, ஆனால் நுளம்பு வலை கூடவே தைத்து, அடித்துணியும் இரட்டையாக வருகிறது. எங்கள் ஊருக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று கீழே சொல்கிறேன். பாலித் தீவில் இருந்து வரும் டிக்கெட் டு த மூன் ஹெமொக்குகள் நீளத்தில் தாராளம். வலை தனியாக வாங்க வேண்டும். பெயரில்லாத மலிவுச் சாமான்கள் அனேகமாக டபள்நெஸ்டின் பிரதிகள். துணி கெட்டியாக இருக்கலாம், கூட வருகிற கயிறும் கொளுவியும்தான் சந்தேகம்.

இனிக் கட்டுகிற விதம். புதியவர் செய்கிற பெரிய பிழை, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுவது. இறுக்கமாக இருந்தால்தான் பலம் என்பது அவர் நினைப்பு; பௌதிகம் நேர்மாறாகச் சொல்கிறது. 70 கிலோ ஆள் படுத்திருக்கையில், துணியை மரத்தோடு கட்டுகிற பட்டி கிடைமட்டத்தில் இருந்து 30 பாகை சரிந்திருந்தால் ஒவ்வொரு பக்கப் பட்டியிலும் விழுகிற இழுவை 70 கிலோ. அதே ஆள், சரிவு 10 பாகை என்றால் 200 கிலோ. 5 பாகை என்றால் 400 கிலோ. அளவுகோல் தேவையில்லை: கட்டைவிரலை நிமிர்த்தி, சுட்டுவிரலைக் கிடையாக நீட்டி, பட்டியின் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டு நுனிகளையும் தொட்டுக்கொண்டு பட்டி போனால் ஏறக்குறைய 30 பாகை. நாலு, ஐந்து மீற்றர் இடைவெளியுள்ள மரங்களில் ஆளின் தலைமட்டத்தில் பட்டியைக் கட்டி, இருக்கும்போது துணி முழங்கால் உயரத்துக்கு மேலே போகாமல் பார்த்துக்கொண்டால் விழுந்தாலும் பெரிய சேதமில்லை.

அந்த இழுவை மரத்துக்குப் போகிறது, அல்லது எதில் கட்டினோமோ அதற்கு. மரம் கிடைக்காதபோது எங்கள் ஊரில் கண் போவது வீட்டு விறாந்தைத் தூணுக்கும் மதிலுக்கும். கூரையைத் தாங்கக் கட்டிய செங்கல் தூண் மேலிருந்து வரும் பாரத்துக்கு அசையாது, பக்கவாட்டு இழுவைக்குச் சரியும். 2020 இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் செங்கல் தூணில் கட்டிய ஹெமொக்கில் இருந்த சகோதரிகள் இருவர், பதின்வயதுப் பிள்ளைகள், தூண் சரிந்து இறந்துபோனார்கள். தூணில் கட்டவே கூடாது. இதில் ஆராய ஒன்றுமில்லை.

அப்படியானால் மரம்? கடற்கரை என்றதும் மனதில் வருவது இரண்டு தென்னைக்கு நடுவே தொங்கும் படுக்கை. உல்லாசப் பயண விளம்பரங்கள் அந்தப் படத்தை அறுகம்பேயில் ஒட்டிவைத்துவிட்டன. 20 மீற்றர் உயரத்தில் இருந்து விழும் தேங்காய் தரையைத் தொடும்போது மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். காய்ந்த மட்டையும் லேசானதல்ல. ஹொட்டல்காரர் காயைப் பறித்துச் சுத்தம் செய்த மரத்தில் கட்டுகிறார். நாங்கள் யாருடையது என்று தெரியாத தோப்பில் கட்டுகிறோம். இது ஒன்று. மற்றது, ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்ட காலத்தை ஒட்டி ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் அரித்த கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். விளிம்பில் வேர் வெளியே தெரிய நிற்கும் தென்னைகள் அங்கே இன்னும் உண்டு. பார்க்க உரமாக இருக்கும், பிடிமானம் ஈர மணலில். அதில் பக்கவாட்டாக 200 கிலோ இழுவை கொடுப்பது தெரிந்தே செய்கிற மடைத்தனம். கல்முனைக் கடற்கரையிலோ வெறும் மணலும் தோணியும் வாடியும் அடம்பன் கொடியும். ஆகக் கடற்கரை, ஹெமொக்குக்குத் தோதான இடம் என்று பெயர் வாங்கியதோடு சரி.

நல்ல மரம் வேண்டுமென்றால் உள்ளே போக வேண்டும். பொத்துவிலில் இருந்து லகுகலைப் பக்கம், அல்லது பாணமை தாண்டி உகந்தை, கூமுனை. ஆற்றங்கரை மருதும் காட்டுப் பாலையும் வீரையும் ஹெமொக் கட்டவென்றே நிற்பதுபோலத் தெரியும். சிக்கல், அதே இடங்களில் யானையும் நிற்கிறது. லகுகலையும் கூமுனையும் தேசியப் பூங்காக்கள். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியோடு, அவர்கள் ஒதுக்கிய முகாமிடத்தில் மட்டும்தான் இரவு தங்கலாம். பூங்கா எல்லைக்கு வெளியே என்று சமாதானம் சொல்வோருக்கு: பாணமை வீதியில் பொழுதுபட்டால் யானை எல்லை பார்ப்பதில்லை. ரென்டும் யானையைத் தடுக்காதுதான். ஆனால் வலைக்குள் தரையில் கால் படாமல் கிடப்பவர் இருட்டில் சிப் தேடித் திறந்து, இறங்கி ஓட எடுக்கிற நேரத்தை ஒருமுறை வீட்டில் பரீட்சித்துப் பார்க்கட்டும். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் வருடா வருடம் உகந்தையில் இருந்து கூமுனை, யால வழியாக அந்தக் காட்டைக் கடக்கிறார்கள். கூட்டமாக நடக்கிறார்கள், நிலத்தில் விரித்துக் கூட்டமாகவே படுக்கிறார்கள். இந்தக் காட்டில் இரவு தங்குவதில் அவர்களுக்குள்ள பழக்கம் ஹெமொக் வழிகாட்டி எழுதியவர்களுக்கு இல்லை.

மிஞ்சுவது, தெரிந்தவரின் தோட்டம். மாவும் கஜுவும் நிற்கும் காணி, யானை வேலிக்கு இப்பால் வயல்வாடியை ஒட்டிய மர நிழல், களியோடை ஆற்றோரம் சொந்தக்காரர் நிலம். சுவாரசியம் குறைவுதான். ஆனால் எங்கள் பிரதேசத்தில் ஹெமொக் முழுப் பயனோடு வேலை செய்வது இங்கேதான்.

இங்கேயும் ஓர் எதிரி உண்டு. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் சான்றளித்தது. அடுத்த வருடமே நாடு முழுவதும் 180,000 க்கு மேற்பட்டோருக்கு டெங்கு. மலேரியா நுளம்பு இரவில் கடிப்பது. டெங்கு நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும், அதுவும் மனிதர் குடியிருக்கும் இடத்தைச் சுற்றி. அப்படியென்றால் காட்டில் இரவு படுப்பதை விட, வீட்டு மாமரத்தடியில் அஸர் வரை போடுகிற தூக்கம்தான் டெங்குக்கு வாய்ப்பானது. வலை இரவுக்கு மட்டும் என்று நினைப்பவர் தலைகீழாக நினைக்கிறார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெல்லிய ஒற்றைத் துணியில் படுக்கும்போது இடுப்பும் தோளும் பதிகிற இடத்தில் துணி தோலோடு ஒட்டி இறுகும். மேலே வலை போட்டிருந்தாலும் நுளம்பு கீழே வந்து துணிக்கு ஊடாகவே குத்தும். காலையில் எழுந்து பார்த்தால் கடி எல்லாம் முதுகில் இருக்கும். தீர்வு இரண்டு: இரட்டைத் துணிக்கு நடுவே மெத்தை வைப்பது, அல்லது ஹெமொக்கை அடியோடு சுற்றி மூடும் வலை வாங்குவது. ஃபுரொன்ட்லைனை நீளத்தில் குறைத்து மதிப்பிட்டவன், இந்த ஒரு காரணத்துக்காக அதை டபள்நெஸ்டுக்கு மேலே வைக்கிறேன்.

மழை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மாரியில், அதாவது ஒக்டோபர் கடைசி தொடக்கம் ஜனவரி வரை, போகாமல் இருப்பதே புத்தி. மற்ற மாதங்களில் இடைக்கிடை வரும் பாட்ட மழைக்கு 3க்கு 3 மீற்றர் தறப்பாள் போதும், ஆனால் மூலைவாட்டாகக் கட்ட வேண்டும். 3.3 மீற்றர் ஹெமொக் தொங்கும்போது முனைக்கு முனை ஏறத்தாழ 2.75 மீற்றர் வரும். தறப்பாளை நேராகக் கட்டினால் இரு பக்கமும் ஒரு சாண்கூட மிஞ்சாது, மூலைவாட்டில் 4.2 மீற்றர் கிடைக்கும். பட்டியில் ஒரு துண்டு நூல் கட்டித் தொங்கவிட்டால் மரத்தில் இருந்து வழிந்து வரும் தண்ணீர் படுக்கைக்கு வராமல் அதிலே சொட்டிவிடும்.

கயிறு விசயத்தில் ஊரில் ஒரு வாதம் உண்டு. மீன்பிடிச் சாமான் விற்கிற காக்கா ஒருவர் சொன்னார்: “பட்டிக்கு ஏன் தம்பி காசக் குடுக்கிற, என்ட கடைக் கயிறு தோணியையே இழுக்குமே.” இழுக்கும், சந்தேகமில்லை. பலம் இங்கே பிரச்சினையே அல்ல. நைலோன் கயிறு பாரத்துக்கு நீளும், நனைந்தால் இன்னும் நீளும். முழங்கால் உயரத்தில் படுத்தவர் விடியப்புறம் தரையில் கிடப்பார். மெல்லிய கயிறு மா, கஜு மரத்தின் பட்டையை நசுக்கும். பட்டைக்கு அடியில்தான் மரம் வளர்கிற படை இருக்கிறது. தென்னைக்கு அப்படிப் படை இல்லாததால் இந்த ஆபத்தும் இல்லை. நீளாத பொலியெஸ்டரில், 25 மில்லிமீற்றர் அகலப் பட்டி இரண்டு. காணிக்காரர் இரண்டாம் முறை உள்ளே விடுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது.

மருதமுனைக் கைத்தறித் துணியில் ஏன் கட்டக் கூடாது என்று கேட்பார்கள், ஊர்ப்பாசத்தில் எனக்கும் கேட்கத் தோன்றும். விறாந்தைக்கோ வளவுக்கோ கட்டலாம். உடம்புக்குப் பருத்தியின் சுகம் நைலோனில் வராது. பயணத்துக்கு வேண்டாம். பருத்தி உப்புக்காற்றில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், காயாமல் சுருட்டினால் கறுப்புப் புள்ளி விழும், பாரமும் கூட. நைலோனுக்கு வெயில்தான் எமன். பகல் முழுக்கக் கட்டியபடி விடாமல் அவிழ்த்து வைத்தால் பல வருடம் வரும்.

குடும்பத்தோடு போகிறவருக்கு, என் கணக்கில், இரவு முகாமுக்கு ஹெமொக் வேண்டாம். ஐந்து பேருக்கு ஐந்து துணி, பத்து மரம், ஐந்து வலை. பெண்களுக்கு மறைவில்லை. சின்னப் பிள்ளையைத் தனியே தொங்கவிட்டுத் தாய் தூங்கமாட்டாள். ஒரு படங்கு, பெரிய நுளம்பு வலை, மேலே தறப்பாள். செலவும் குறைவு, தொழுகைக்கும் அதே விரிப்பு. பெருநாளுக்கு மறுநாள் வான் பிடித்துப் போகிற ட்ரிப்பில் பிள்ளைகள் ஆடுவதற்கு ஒன்றைக் கட்டிவிடலாம், அதற்கு மலிவுச் சாமானே போதும், பட்டி மட்டும் நல்லதாக இருக்கட்டும்.

தனியாகவோ இரண்டு மூன்று கூட்டாளிகளோடோ போகிறவருக்கு ஏப்ரல் தொடக்கம் செப்டம்பர் வரை, உள்நாட்டுத் தோட்ட நிழலில், ஹெமொக் ரென்டை வெல்கிறது. கடற்கரையில் தோற்கிறது. யானைக் காட்டில் கேள்வியே எழக் கூடாது. காசு போக வேண்டிய ஒழுங்கு: முதலில் பட்டி, அடுத்தது அடியோடு மூடும் வலை, பிறகு தறப்பாள், கடைசியில்தான் துணி. கடைகளில் விற்கிற ஒழுங்கு இதற்கு நேர் எதிர். துணியின் நிறத்தைக் காட்டித்தான் விற்கிறார்கள். துணிக்குக் காசு போதாவிட்டால் மூன்றரை மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலத்தில் கெட்டி நைலோன் வாங்கித் தையற்காரரிடம் கொடுங்கள். ஓரம் மடித்து, இரு தலைப்பிலும் கயிறு நுழைகிற அளவுக்கு மடிப்பு வைத்து இரட்டைத் தையல் போட வேண்டும், வேறு வேலை இல்லை. முதல் நாள் தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டி, கூட்டத்திலேயே பாரமான ஆளை இருக்கச் சொல்லுங்கள்.