சுருள்கம்பியும் ஒரு சிறு திருகும்

மலைமேல் இராமர் தீர்த்தம் கோடையிலும் ஓயாது கொட்டிக்கொண்டிருக்க, அடிவாரத்து இல்லத்தின் ஸ்நான அறையிலோ ஜலதாரை அடைபட்டுக் கணுக்காலளவு நீர் தேங்கி நிற்பதென்பது தீர்த்தமலைவாசிகளுக்கே வாய்க்கும் விசித்திர அநுபவம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டுப் பருகக் காவிரி நீர் வந்தபோதிலும், குளிப்பதற்கு எங்கள் வீட்டில் போர்த் தண்ணீரே கதி. அக்கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் கூடிக் கரையாத கசடாய்ப் படிய, அதனோடு நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் கேசமும் பின்னிக்கொண்டால், ஆசிட் ஊற்றுவதால் தரைதான் பாழாகுமேயன்றி அடைப்பு அசையாது.

ஆகவே அரூர்க் கடையொன்றில் அடைப்பெடுக்கும் ஸ்பிரிங் ஒன்றை வாங்கிச் சில மாதங்களாகக் கையாண்டு வருகிறேன். 25 அடி நீளம், கால் அங்குலப் பருமன், உருளை, கைப்பிடி என்பன பல கம்பெனிச் சரக்குக்கும் பொது. 1930-களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சாமுவேல் பிளாங்க், சலவை யந்திர மோட்டாரை இணைத்து, குழாயில் புகுந்த மரவேரை அறுக்கும் பெரிய யந்திரத்தை அமைத்தாரே, அதன் தத்துவமும் இதுவே: தள்ளுவதன்று, சுழற்றுவது. நம் மூங்கில் பிளாச்சு நேர்க்குழாயில் சூரப்புலி. தரைத் துவாரத்தடியிலுள்ள நஹானி ட்ராப்பின் வளைவுக்கு முன்னால் அதன் வீரம் செல்லாது. இச்சுருளோ வளைந்து நுழைகிறது. முனை முடிக்கற்றையைக் கவ்வுவதை உள்ளங்கையே உணர்ந்துவிடுகிறது.

இத்தனை நேர்த்தியையும் கெடுக்கவென்றே கம்பியை உருளையோடு பிணைக்கும் சிறு பிளாஸ்டிக் திருகு ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது இறுகப் பிடித்தாலன்றி, கைப்பிடியைச் சுற்றும் நம் பிரயாசை கம்பிக்குப் போய்ச் சேராது. சோப்புக் கசடு படிந்த விரல்களால் அதை முடுக்க முயன்று பாருங்கள்! அடைப்பு இளகப்போகும் அந்தக் கணத்திலேயே திருகு நழுவ, உருளை மட்டும் உல்லாசமாய்ச் சுழல, உள்ளிருக்கும் கம்பியோ முளையைச் சுற்றிச் சுற்றி வந்த கன்றின் கயிறாய் முறுக்கிக்கொள்கிறது. அதை அவிழ்க்க உருளையைத் திறந்தால் உள்ளே தேங்கிய துர்நாற்ற நீர் மடியில் கொட்டுகிறது. எஃகில் இவ்வளவு சிரத்தை காட்டிய உற்பத்தியாளர் திருகில் லோபம் பிடித்ததேன் என்பது எனக்கு விளங்கவில்லை. நான் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே மரையுள்ள இரும்புச் சிறகுத் திருகைப் பொருத்திய பின்னரே இது உபகரணம் என்னும் பெயருக்குத் தகுதியாயிற்று.

கம்பியை வலப்புறமாகவே சுற்றுங்கள். இடப்புறம் சுற்றினால் சுருள் பிரியும். வேலை முடிந்ததும் கழுவி, வெயிலில் உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்; திருகு பிளாஸ்டிக்காயிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.