சிவப்பில் துலங்கும் இழைகள்

வெட்டுக்கிளியின் விந்தகத்துக்குச் சாயமேற்றிப் பார்ப்பது விலங்கியல் மாணவர்களுக்குப் பழகிய செய்முறை. பதிவேட்டில் படம் வரைந்ததும் மறந்துவிட்டவர்கள், தேர்வு நினைப்பில்லாமல் அதை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

முதலில் அந்தச் சாயத்தின் அழகு. சப்பாத்திக்கள்ளியை அண்டி வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைனை, 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கொதிக்கவைத்து வடிகட்டினால் அசிட்டோகார்மைன் கிடைக்கும். மாதுளை முத்தின் தெளிந்த சிவப்பு அதற்கு. இரும்பு சிறிதே சேர்ந்தாலும் அந்தச் சிவப்பு ஆழ்ந்து கறுக்கும். 1920-களில் ஜான் பெல்லிங் மகரந்தத் தாய்ச் செல்களின் குரோமோசோம்களை எண்ணுவதற்கு இந்த இரும்புச் சேர்க்கையைத்தான் கையாண்டார். திசுவைக் கிளறத் துருவேறிய ஊசியைத் தேடி எடுக்கும் அனுபவசாலிகளைப் பார்த்திருப்பீர்கள். கிளறக் கிளறத் துருவிலுள்ள இரும்பு சாயத்தில் இறங்கிவிடும். எத்தனை நேர்த்தியான சிக்கனம்!

அடுத்து விரலின் நயம். கவர் ஸ்லிப்பின் மேல் வடிதாளை வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். பக்கவாட்டில் மயிரிழை நகர்ந்தாலும் செல்கள் உருண்டு சிதைந்துவிடும். அதற்கு முன்பே ஸ்பிரிட் விளக்கின் சுடருக்கு மேலே ஸ்லைடை ஓரிரு முறை லேசாகக் காட்டியிருந்தால் சைட்டோபிளாசம் வெளிறி விலகும், குரோமோசோம் மட்டும் செழித்து நிற்கும். சாயத்தின் மேன்மை எதைத் தொடாமல் விடுகிறது என்பதிலும் இருக்கிறது.

இனி மைக்ராஸ்கோப்பில் கண் வையுங்கள். விந்தகத்தின் ஒவ்வொரு நுண்குழலிலும் நுனியில் இளஞ்செல்கள், அடியில் முதிர்ந்த விந்தணுக்கள். இடையில் குன்றல் பகுப்பின் படிகள் எல்லாம் வரிசையாக. ஒரே சிமிழில் அடங்கிய செல்கள் அத்தனையும் ஒரே கட்டத்தில் இசைந்து நிற்பதைப் பாருங்கள். லெப்டோட்டீனில் நூலாகப் படர்ந்தவை பாக்கிட்டீனில் இணைசேர்ந்து தடிக்கின்றன. டிப்ளோட்டீனில் மெல்லப் பிரிகின்றன. ஆனாலும் கயாஸ்மாக்களில் பிணைப்பு விடாமல் சிலுவையாகவும் வளையமாகவும் வளைந்து நிற்கின்றன. எனக்கு எத்தனை நேரம் பார்த்தாலும் அலுக்காத கட்டம் இதுதான். 1902-இல் வால்டர் சட்டன், பிராக்கிஸ்டோலா மாக்னா என்னும் பெரிய வெட்டுக்கிளியில் குரோமோசோம்கள் அளவொத்த இணைகளாக இருப்பதைக் கண்டு சொன்னதும் இத்தகைய செல்களைப் பார்த்துத்தான்.

அந்த இணைகளுக்கு நடுவே துணையில்லாத ஒன்றையும் தேடிப் பாருங்கள். பல குட்டைக்கொம்பு வெட்டுக்கிளிகளில் பெண்ணுக்கு 24 குரோமோசோம், ஆணுக்கு 23. ஆணிடம் எக்ஸ் ஒன்றுதான். மற்றவை மெல்லிழையாக நெகிழ்ந்திருக்கும் தொடக்கக் கட்டங்களில் இது மட்டும் உட்கருவின் ஓரத்தில் இறுகி, சாயத்தை அள்ளிக் குடித்து, கருஞ்சிவப்பாய் மின்னும். மெட்டாஃபேஸில் மற்றவை கறுத்துத் திரளும்போது பல இனங்களில் இதுவே வெளிறி மென்மையாகிவிடும். நிறம் மாறும் இந்த நளினத்தைப் பிடிக்க ஃபைன் ஃபோகஸை நிதானமாகத் திருப்ப வேண்டும். அடுத்த அனாஃபேஸில் இணைகள் பிரிந்து இருபுறமும் போகின்றன. எக்ஸ் தனியே ஒரு முனைக்குப் போய்ச் சேருகிறது. அந்த முனையில் உருவாகும் விந்தணுக்கள் கருவுறச்செய்யும் முட்டைகளிலிருந்தே பெண் வெட்டுக்கிளிகள் பிறக்கின்றன.