இல்லாத கடற்படையின் கப்பல்: மாற்று வரலாற்றுப் புனைவில் போர்க்கல வடிவமைப்பு

முன்னுரை

வரலாறு வேறொரு திசையில் சென்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்னும் வினாவிலிருந்து எழுவது மாற்று வரலாற்றுப் புனைவு. இதில் கடற்போரைப் பொருளாகக் கொண்ட படைப்புகள் தனியொரு கிளையாக வளர்ந்துள்ளன. உலகில் என்றுமே மிதந்திராத போர்க்கப்பல் ஒன்றை அதன் நீளம், அகலம், பீரங்கி, கவசத் தகடு, விரைவு ஆகிய விவரங்களுடன் வடிவமைத்துக் காட்டுவது இக்கிளையின் தனித்தன்மையாகும். குறிப்பாக, பேட்டில்குரூசர் எனப்படும் விரைவுப் போர்க்கப்பல் இவ்வடிவமைப்பாளர்களைப் பெரிதும் ஈர்த்துள்ளது. இத்தகைய கற்பனைக் கலங்களை இலக்கிய நோக்கில் மதிப்பிடுவதற்குரிய அளவுகோல்கள் எவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இழப்பு என்னும் இலக்கணம்

பேட்டில்குரூசர் ஒரு பேரத்தின் விளைவாகப் பிறந்த கலம். பிரிட்டனின் தளபதி ஜான் ஃபிஷரின் முயற்சியால் 1906இல் டிரெட்நாட் என்னும் போர்க்கப்பலும், 1908இல் இன்வின்சிபிள் என்னும் முதல் பேட்டில்குரூசரும் பணியில் சேர்ந்தன. டிரெட்நாட்டில் 12 அங்குலப் பீரங்கிகள் பத்து. பக்கவாட்டுக் கவசத்தின் பெரும அளவு 11 அங்குலம். விரைவு மணிக்கு 21 கடல்மைல். இன்வின்சிபிளில் அதே அளவுள்ள பீரங்கிகள் எட்டு. கவசம் 6 அங்குலம். விரைவு 25 கடல்மைல். முன்னதன் எந்திரத் திறன் சுமார் 23,000 குதிரைத்திறன். பின்னதற்கோ 41,000 தேவைப்பட்டது. நான்கு கடல்மைல் கூடுதல் விரைவுக்காகக் கொடுக்கப்பட்ட விலை இரண்டு பீரங்கிகளும் ஏறத்தாழப் பாதிக் கவசமும் ஆகும்.

இந்த விலை பயனற்றதாகவும் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய எம்டன், தளபதி ஷ்பேயின் கீழியங்கிய ஜெர்மானியக் கிழக்காசிய அணியிலிருந்து பிரிந்து வந்த கப்பலாகும். அந்த அணியின் பெரும்பகுதி 1914 டிசம்பர் 8இல் ஃபாக்லாந்துத் தீவுகளுக்கு அருகில் இன்வின்சிபிள், இன்ஃபிளெக்சிபிள் என்னும் இரு பேட்டில்குரூசர்களால் அழிக்கப்பட்டது. வலியதை விட்டு விலகும் விரைவும் மெலியதை வெல்லும் பீரங்கியும் உடையதாக இருக்க வேண்டும் என்ற கருத்து அன்று நிறைவேறியது. ஒன்றரை ஆண்டுக்குள், 1916 மே 31இல், ஜட்லாந்துப் போரில் அதே இன்வின்சிபிள் வெடித்து 1,026 பேருடன் மூழ்கியது. பிழைத்தவர் அறுவர்.

எனவே, எதைப் பெற்றது என்பதைவிட எதை இழந்தது என்பதே ஒரு கப்பலின் இயல்பை உணர்த்துகிறது. கற்பனைக் கலத்தை மதிப்பிடுவதற்குரிய முதல் அளவுகோல் இதுவே. மிகுந்த விரைவு, தடித்த கவசம், பெரும் பீரங்கி ஆகிய மூன்றையும் குறைவின்றிப் பெற்ற கப்பல் வடிவமைக்கப்பட்டதன்று, விரும்பப்பட்டது மட்டுமே. குறையற்ற தலைவனைப் போலவே குறையற்ற கப்பலும் கதையில் முரண் எழுவதற்கு இடமளிப்பதில்லை.

ஜப்பானிய எழுத்தாளர் யோஷியோ அராமாகியின் கொன்பெகி நோ கன்தாய் வரிசை இதற்குச் சான்றாகும். 1943இல் கொல்லப்பட்ட தளபதி யமமோட்டோ, முற்பிறவி நினைவுடன் வேறோர் உலகின் கடந்த காலத்தில் மீண்டும் பிறக்கிறார். எதிர்காலம் அறிந்த அவருடைய அறிவால், காலத்தை விஞ்சிய கலங்கள் உருவாகின்றன. தோல்வியுற்ற நாட்டின் ஏக்கத்தைப் புரிந்துகொள்ள இவ்வரிசை பெரிதும் உதவும். ஆயினும், வெற்றிக்குரிய விலையை முன்னறிவே செலுத்திவிடுவதால், இக்கலங்களில் பேரம் என்பது வலுவிழந்து போகிறது.

தோற்றுவாய் என்னும் வினா

கப்பல் எங்கே, யாருடைய பொருளில் கட்டப்பட்டது என்பது இரண்டாவது அளவுகோல். இதில் ஜூல் வேர்னின் நாட்டிலஸ் முன்மாதிரியாக நிற்கிறது. 1869–70இல் வெளிவந்த புதினத்தில் நெமோ தன் நீர்மூழ்கிக் கப்பலின் அளவுகளைக் கூறுவதோடு நில்லாமல், அதன் உறுப்புகள் பிரான்சு, பிரிட்டன், பிரஷ்யா, சுவீடன், அமெரிக்கா எனப் பல நாட்டுத் தொழிற்சாலைகளில் தனித்தனியே செய்விக்கப்பட்டு, ஆளில்லாத தீவொன்றில் பொருத்தப்பட்டதையும் செலவுக் கணக்கையும் எடுத்துரைக்கிறான். நாடற்றவனின் கப்பல் நாடெங்கிலும் இருந்து திரட்டப்பட்டதாக அமைவது பொருத்தமுடையது. பின்னர் வந்த மர்மத் தீவு புதினத்தில், நெமோ பந்தேல்கண்டைச் சேர்ந்த இளவரசன் தக்கார் எனவும் 1857 எழுச்சியில் பங்கேற்றவன் எனவும் வெளிப்படுகிறது. தோற்கடிக்கப்பட்ட இந்தியாவுக்கு வரலாறு தராத கடற்படையை ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் ஒற்றைக் கப்பலாகப் படைத்துக்கொடுத்தார் என இதனை வாசிக்க இடமுண்டு.

புறக்கட்டுகளும் தோற்றுவாயின் பகுதியே. பனாமாக் கால்வாயின் பழைய மதகுகள் ஏறத்தாழ 33.5 மீட்டர் அகலமுடையவை. அமெரிக்கப் போர்க்கப்பல்களின் அகலத்தை நெடுங்காலம் வரையறுத்தவை அவையே. 1922ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்படிக்கை போர்க்கப்பல் எடைக்கு 35,000 டன் என வரம்பிட்டது. கட்டுமானத்தில் இருந்த லெக்சிங்டன், சரடோகா, அகாகி ஆகிய பேட்டில்குரூசர்கள் விமானந்தாங்கிக் கப்பல்களாயின. இத்தகைய கால்வாய், உடன்படிக்கை, கருவூலம் ஆகியவற்றின் தடம் படியாத கற்பனைக் கலம் எந்த உலகிலும் வேர்கொள்வதில்லை.

எளிமையே நம்பகத்தன்மை ஆகிவிடாது என்பதும் இங்கு நோக்கத்தக்கது. லெக்சிங்டன் வகையின் 1916ஆம் ஆண்டு வரைவில் ஏழு புகைபோக்கிகள் இருந்தன. கொதிகலன்களில் பாதி கவசத் தளத்திற்கு மேலேயே வைக்கப்பட்டிருந்தன. இதனை இன்றொரு புனைவாளர் எழுதினால் நம்புவோர் இலர். ஆயினும் மணிக்கு 35 கடல்மைல் விரைவு வேண்டும் என்ற கோரிக்கையே அவ்வரைவுக்குக் காரணம். கோரிக்கை தெளிவாயின் விந்தையான வடிவமும் நம்பத்தக்கதாகிறது.

அட்டவணைக்குள் அடங்காதது

கற்பனைக் கப்பலின் நீளம், எடை, கவசம் முதலியவற்றை உள்ளிட்டால் அது நிலைத்து மிதக்குமா என்பதைக் கணித்துரைக்கும் ஸ்பிரிங்ஷார்ப் போன்ற கணினி மென்பொருள்கள் உள்ளன. இவை முன்னர்க் கூறிய பேரத்தைக் கற்பிப்பதில் சிறந்த துணையாகின்றன. எனினும் கணிப்பு முடியும் இடத்தில் இலக்கியம் தொடங்க வேண்டியுள்ளது.

ஜட்லாந்தில் மூன்று பிரிட்டானியப் பேட்டில்குரூசர்கள் வெடித்ததற்கு மெல்லிய கவசம் மட்டுமே காரணமன்று. விரைந்து சுடும் பொருட்டு வெடிமருந்தைப் பாதுகாப்பு விதிகளுக்குப் புறம்பாகக் கையாண்டதும் காரணம் என ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். ஜெர்மனியின் சைட்லிட்ஸ், 1915 ஜனவரியில் டாகர் பாங்க் போரில் பின்புறப் பீரங்கிக் கோபுரங்கள் இரண்டும் எரிந்து 150க்கும் மேற்பட்டோரை இழந்தது. அப்பட்டறிவால் வெடிமருந்தைக் கையாளும் முறை திருத்தப்பட்டது. ஜட்லாந்தில் அது பல்லாயிரம் டன் நீரைச் சுமந்தும் துறைமுகம் திரும்பியது. ஆகவே, அட்டவணையில் கவசத்தைச் சில அங்குலம் கூட்டி இன்வின்சிபிளைக் காப்பாற்றிவிட்டதாகக் கருதும் புனைவு, இறந்தவர்களின் வரலாற்றைத் தகட்டின் கணக்காகச் சுருக்கிவிடுகிறது. விரைவைப் போற்றிய பயிற்சிமுறை, விதிமீறலைக் கண்டுகொள்ளாத அதிகாரிகள், அவர்களுக்குக் கீழ்ப்படிந்த மாலுமிகள் ஆகியோர் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

இக்குறையைக் களைந்தவராக ஹாரி டர்டில்டவைக் குறிப்பிடலாம். 1998இல் தொடங்கிய அவருடைய பெரும்போர் வரிசையில் டகோட்டா என்னும் கற்பனைப் போர்க்கப்பல் இடம்பெறுகிறது. அதனை வாசகர் அறிவது வரைபடத்தின் வழியாக அன்று. வெயில் பட்டாலே தோல் வெந்துபோகும் வெளிர்நிற மாலுமி சாம் கார்ஸ்டனின் வழியாகவே. அவன் பணிபுரிவதும் கப்பலின் பெரும் பீரங்கியில் அன்று; துணைப் பீரங்கியில்தான். கப்பலின் முழு அளவு அவனுக்குத் தெரியாது. ஆனால் அதனுள் வாழ்வது எத்தகையது என்பது தெரியும்.

நிறைவுரை

கற்பனைப் போர்க்கலத்தை மதிப்பிட இழப்பு, தோற்றுவாய், மாந்தர் ஆகிய மூன்று அளவுகோல்கள் பயன்படும் என்பது மேற்கண்ட ஆய்வால் புலனாகிறது. முதலாவது கப்பலை மிதக்கச் செய்கிறது. இரண்டாவது அதற்கொரு நாட்டைத் தருகிறது. மூன்றாவது அது மூழ்கும்போது வாசகனைக் கலங்க வைக்கிறது. முதலிரண்டில் தேர்ச்சி பெற்ற படைப்புகள் பல உள்ளன. மூன்றையும் ஒருங்கே எட்டியவை சிலவே. இந்திய மொழிகளில் இத்தகைய புனைவை எழுத முனைவோர், கப்பலுக்கு எத்தனை பீரங்கி என வினவுவதற்கு முன்னர், அதற்கு வரி செலுத்தியவர் யார், அதன் கொதிகலன் அறையில் நின்றவர் யார் என வினவுவாராயின் இக்கிளை புதியதொரு வளம் பெறும்.