அப்பர் பதிகங்களில் இடர்க்கால வழிபாடு

இடர் வந்துற்றவிடத்து இறைவனைப் பாடி உய்தல் பத்தி இலக்கியத்தின் பெருவழக்கு. அதற்கு எடுத்துக்காட்டாக அறிஞர் முதற்கண் காட்டுவது திருநாவுக்கரசர் வரலாறு. சூலை, நீற்றறை, நஞ்சு, யானை, கடல் என ஐந்து இடர்களை நிரல்பட அமைத்துச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடினார். அடிகள் வாழ்ந்ததோ 7ஆம் நூற்றாண்டு. இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கிடத்தலின், பதிகம் தன் வாயாற் கூறுவது யாது, புராணம் அதற்குச் சூழலாக வகுத்துக் கூறுவது யாது எனப் பிரித்தறிதல் இன்றியமையாதது. அங்ஙனம் பிரித்தறியின், அடிகள்தம் நம்பிக்கை இடர் நீங்கியதனால் விளைந்தது அன்று என்பது புலனாம். அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சூலைப் பதிகத்தை நோக்குவோம். கெடிலக் கரையில் உள்ள திருவதிகை வீரட்டானத்தைப் பற்றிய இப்பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்து, நான்காந் திருமுறையின் தொடக்கமாக வைக்கப்பட்டுள்ளது. இதன்கண் நாம் கேட்பது அமைதியுற்ற அடியவரின் குரல் அன்று, முறையிடும் குரல். 'அஞ்சேல்' என்றேனும் நீர் சொல்லவில்லையே என இறைவனை வினவுகின்றார். அடைந்தாரது வினையைத் தீர்ப்பதன்றோ தலைமையுடையார் கடமை என இடித்தும் உரைக்கின்றார். இதனை நம்பிக்கைக் குறைவு என்று கொள்வார் உளராயின், அது பொருந்தாது. அயலான் ஒருவனைப் பார்த்து 'நின் கடமையைச் செய்திலை' என எவரும் கூறார். உரிமை உள்ளவிடத்தே முறையீடு பிறக்கும். முறையீடு மிகுந்தோறும் அதன் அடியிலுள்ள உரிமை வெளிப்படுகின்றது.

பாடிய அளவில் சூலை நீங்கிற்று என்பர் சேக்கிழார். பதிகத்திலோ நோய் நீங்கியமைக்குக் குறிப்பு ஒன்றேனும் இல்லை. இறுதிப் பாட்டும் வேதனையை விலக்குமாறு வேண்டியே முடிகின்றது. விடை வரும் முன்னரே பாட்டு நின்றுவிடுகின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

ஈண்டு ஒரு தடை எழும். ஒரு பாட்டில், முன்னர் அறியாமையால் நலிந்து பின்னர் ஆட்பட்டதாக அடிகள் கூறுகின்றார். மற்றொன்றில், நீரும் பூவும் புகையும் தமிழிசையும் தாம் மறந்தறியாதவை என்கின்றார். சமணம் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்று வாழ்ந்து, மீண்டு வந்தபோதே பாடியது இப்பதிகம் எனின், பின்னைய கூற்று எங்ஙனம் பொருந்தும்? நெடுநாள் தொண்டு செய்த பின்னர்ப் பாடியது எனக் கொள்ளின், சேக்கிழார் வைத்த முறை பிறழும். இரண்டனுள் ஒன்றைத் துணிதற்குப் பதிகத்தில் சான்று இல்லை. நோயுற்றான் தன் வழிபாடு முழுவதையும் திரட்டி இறைவன்முன் வைத்து வழக்குரைக்கும் மொழி இது; இதனை வாழ்க்கைக் குறிப்பேடாகக் கொள்ளுதல் பதிகத்தின் இயல்புக்கு ஏலாது.

கடல் நிகழ்ச்சி பற்றிய சான்று இன்னும் நுட்பமானது. கல்லோடு கட்டி நீரில் தள்ளப்பட்ட செய்தி, அடிகள்தம் பாடல்களில் ஈரிடத்து ஒப்புநோக்கத் தக்கது. ஐந்தாந் திருமுறைத் திருநீலக்குடிப் பதிகத்தில், சமணர் தம்மைக் கல்லோடு பூட்டி நீரில் நூக்கியதையும், இறைவன் பெயர் சொல்லித் தாம் உய்ந்ததையும் இறந்தகாலத்தில் உரைக்கின்றார். நான்காந் திருமுறை நமச்சிவாயப் பதிகத்திலோ, கல்லைக் கட்டிக் கடலில் இடுதல் 'செயினும்' என்னும் வாய்பாட்டில் வருகின்றது. கடலில் மிதந்தபோது பாடியதாகச் சேக்கிழார் கொண்டது பின்னைய பதிகத்தையே. இவ்வாய்பாடு நிகழ்ச்சியை மறுப்பதன்று. நம்பிக்கை அதனைச் சாராமையைக் காட்டுவது. கல் மிதப்பினும் ஆழினும் துணையாவது திருவைந்தெழுத்தே என்பது அதன் கருத்து. நீலக்குடிப் பாட்டு உற்றதைச் சொல்கின்றது; நமச்சிவாயப் பாட்டு உறினும் உறாவிடினும் நிலைப்பதைச் சொல்கின்றது.

இனி நீற்றறை. ஏழு நாள் அதனுள் இருந்து பாடியதாகக் கூறப்படும் பதிகத்தில் நீற்றறை என்ற சொல்லே இல்லை. வீணை, மாலைத் திங்கள், தென்றல், இளவேனில், பொய்கை எனப் புலனைக் குளிர்விப்பனவற்றை அடுக்கி, அவற்றோடு இறைவன் திருவடி நிழலை ஒப்பிடுகின்றது முதற்பாட்டு. இத்துணைக் குளிர்ச்சி எத்தகைய வெம்மையினிடையே பிறந்திருத்தல் வேண்டும் எனச் சேக்கிழார் எண்ணியிருத்தல் கூடும். அவ்வாறாயின், அவர் வகுத்த சூழல் பாட்டிற்குக் கண்ட உரையாகும். அதனை வரலாற்று ஆவணமாக அளப்பதும், ஆவணம் அன்று எனத் தள்ளுவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். இரு திறத்தாரும் அப்பரை விடுத்துச் சேக்கிழாரையே கற்கின்றனர்.

கரையேறிய அடிகள் திருப்பாதிரிப்புலியூரில் இறைவனைத் தோன்றாத்துணை எனப் போற்றினார் என்பது மரபு. காப்பாற்றப்பட்டவர் 'கண்டேன்' என்று பாடாது, தோன்றாது நின்ற துணை என்று பாடியது கருதத்தக்கது. சூலைப் பதிகம் விடை காணாது முடிதலும், நமச்சிவாயப் பதிகம் விடையைச் சாராது நிற்றலும் இப்பெயரோடு ஒத்து நடக்கின்றன. ஆகவே, அப்பரின் இடர்க்கால வழிபாட்டை அற்புதங்களின் தொகுதியாக நோக்காது, காணாத் துணையோடு உரிமையாற் பேசிய பேச்சாக நோக்குதலே பதிகங்களுக்கு இயைந்த நெறி என்பது எம் துணிபு.