கோவையில் ஜெயித்த சென்னை, புதுக்கோட்டைக்கு வராத லீக்

2019 மார்ச் 9, ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள். புள்ளிப் பட்டியலில் சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 39. கோவை நேரு மைதானத்தில் சென்னை சிட்டியும் மினெர்வா பஞ்சாபும் ஆட, அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை எதிர்த்து ஈஸ்ட் பெங்கால். கோவையில் மூன்றாவது நிமிடத்திலேயே மினெர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட்டுவிட்டார். முதல் பாதி முழுக்க சென்னை பின்தங்கியே கிடந்தது.

இடைவேளைக்குப் பிறகு பெனால்டியில் பெட்ரோ மன்சி சமன் செய்தார். தற்காப்பு வீரர் கௌரவ் போரா ஒன்று போட்டு முன்னிலை தந்தார். கூடுதல் நேரத்தில் இன்னொன்றும் போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் வாங்கிப் பின்தங்கி, கடைசிக் கட்டத்தில் இரண்டு போட்டு 2-1 என்று வென்றது. கோவை ஆட்டம் 1-1 என்று முடிந்திருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். கணக்கு 43-க்கு 42 என்று முடிந்தது. இந்திய லீக் பட்டம் தமிழ்நாட்டு அணி ஒன்றின் கைக்கு வந்தது.

சென்னையின் எஃப்சி 2015-லும் 2017-18-லும் ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கவில்லையா என்று கேட்பார்கள். வாங்கியது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்று அங்கே முதல் நான்கு இடத்துக்குள் வந்துவிட்டால் போதுமாக இருந்தது, மிச்சத்தை அரையிறுதியும் இறுதியும் பார்த்துக்கொண்டன. 2018-19 ஐ-லீக்கில் அந்தச் சலுகை கிடையாது. 20 ஆட்டம், ஒவ்வொரு அணியோடும் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று, கடைசியில் யாருக்கு அதிகப் புள்ளியோ அவர்களுக்குக் கோப்பை. ஜெர்மனியின் பன்டஸ்லிகாவும் இதே கணக்குதான்; அங்கே 34 ஆட்டம். ஒரு நல்ல இரவு உங்களைக் காப்பாற்றாது, ஒரு மோசமான இரவு உங்களைக் கொன்றும் போடாது. அணியின் நிஜமான தரம் தெரிவது இந்த முறையில்தான் என்பது என் கட்சி.

அப்படியென்றால் சென்னை சிட்டியின் தரம் என்ன? அதற்கு முந்தைய சீசனில் அது பத்து அணிகளில் எட்டாவது. அந்த இடத்திலிருந்து ஒரே ஆண்டில் மேலே ஏறியதற்குப் பெரிய காரணம், சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸும் அவர் ஆட வைத்த விதமும். அந்தக் காலத்து ஐ-லீக்கில் பந்தைப் பின்னாலிருந்து நெடுக உதைத்து, முன்னால் நிற்கும் வாட்டசாட்டமான ஆப்பிரிக்க வீரர் தலையில் வாங்குவதை நம்பிய அணிகள் பல. நவாஸ் அதற்கு நேரெதிர். கோல்கீப்பரிடமிருந்தே குட்டிக் குட்டிப் பாஸாகப் பந்து நகர வேண்டும் என்றார். அதற்கு ஏற்ற முதுகெலும்பு ஸ்பெயினிலிருந்து வந்தது: கோலில் நௌசெட் சன்டானா, பின்களத்தில் ராபர்டோ எஸ்லாவா, நடுக்களத்தில் சான்ட்ரோ ரோட்ரிகஸ், அவருக்கு முன்னால் நெஸ்டர் கோர்டில்லோ. உச்சியில் உருகுவேயில் பிறந்த மன்சி. இவர்களில் பெரிய ஸ்பானிய கிளப் விளம்பரத்தோடு வந்தவர் யாருமில்லை. கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடியவர்கள்தான். பெயருக்குக் காசு கொடுக்காமல் பொருத்தத்துக்குக் கொடுத்தார்கள். அந்தச் சீசனின் மிகச் சிறந்த வேலை மைதானத்துக்கு வெளியே நடந்த இதுதான்.

சுற்றிலும் நம்மூர்ப் பையன்கள். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று தமிழ்நாட்டு வீரர்கள் ஒப்புக்கு நிற்காமல் தொடர்ந்து ஆடினார்கள். வெளிநாட்டு வீரர் பந்தைப் பிடித்து வைத்திருக்கும்போது ஓரங்களில் ஓடி இடம் உண்டாக்குவது இவர்கள் வேலை. பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். தொண்ணூறு நிமிடம் செய்து பார்த்தால்தான் தெரியும்.

எண்களைப் பார்த்தால் கதை இன்னும் சுவாரசியம். சென்னை சிட்டி போட்டது 48 கோல், வாங்கியது 28. ஈஸ்ட் பெங்கால் போட்டது 37, வாங்கியது 20. தற்காப்பில் சாம்பியனைவிட இரண்டாம் இடக்காரர் எட்டு கோல் மேல். 'பட்டத்தை வெல்வது தற்காப்பு' என்று பயிற்சி முகாம்களில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாசகத்துக்கு இந்தச் சீசன் கட்டுப்படவில்லை. நவாஸின் அணி எத்தனை வாங்கினாலும் அதைவிட ஒன்று கூடுதலாகப் போடும் அணி. தொடரின் தொடக்க ஆட்டத்தில் இந்தியன் ஏரோஸை 4-1 என்று சாய்த்தபோதே அது தெரிந்தது, மன்சிக்கு ஹாட்ரிக். அந்தப் பழக்கத்தின் மறுபக்கமும் உண்டு. கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 2-3 என்று தோற்று, கையில் வந்த பட்டத்தைக் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டார்கள்.

மன்சி மட்டும் 21 கோல். சர்ச்சிலின் வில்லிஸ் பிளாசாவும் 21. இருவரும் சேர்ந்து முதலிடம். அணியின் 48-ல் 21 ஒரே காலிலிருந்து வருவது ஆபத்தான கணக்கு. அவருக்கு முழங்கால் பிசகியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனாலும் முடிவைத் தீர்மானித்தது மன்சியின் கோல் எண்ணிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். ஈஸ்ட் பெங்காலை கொல்கத்தாவிலும் வென்றார்கள், கோவையிலும் வென்றார்கள். நேரடிப் போட்டியாளரிடமிருந்து ஆறு புள்ளி. ஒரே ஒரு புள்ளியில் முடிந்த தொடரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

பெயரில் சென்னை, ஆடியது கோவை. புதுக்கோட்டையிலிருந்து பார்த்தால் இது நமக்கு வசதிதான். திருச்சி, கரூர் வழியாகக் கோவை, சென்னையைவிடப் பக்கம். அந்த ஆண்டு, தமிழ்நாட்டின் உள்பகுதியில் தேசிய அளவிலான லீக் கால்பந்து நடந்தது. பேருந்தில் ஏறினால் எட்டக்கூடிய தூரத்தில் இந்தியாவின் சாம்பியன் அணி ஆடியது.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஸ்விட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 2019-ல் கிளப்பின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பு வகுத்த வழித்தடத்தின்படி ஐ.எஸ்.எல். முதல்நிலைத் தொடரானது, ஐ-லீக் அடுத்த படிக்கு இறங்கியது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபாவை எதிர்த்து 'உள்ளூர்' ஆட்டம் அகமதாபாத்தில் நடந்தது, 0-1 தோல்வி. நெஸ்டர் ஹைதராபாத்துக்கும், வான்ஸ்பால் சென்னையினுக்கும், மன்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்கும் போனார்கள். 2020-21-க்குப் பிறகு ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. அன்று கோவையில் தோற்றுப் போன மினெர்வாவோ கைமாறி, ஐ-லீக்கை வென்று, பதவி உயர்வு பெற்று, பஞ்சாப் எஃப்சி என்ற பெயரில் ஐ.எஸ்.எல். ஆடுகிறது.

சாம்பியன் அணி இரண்டே ஆண்டில் காணாமல் போனது எப்படி? பணம், வழக்கு, நிர்வாகம் என்று காரணம் அடுக்குகிறவர்கள் உண்டு. எனக்குப் படுவது வேறு. அந்த அணிக்குக் கீழே எதுவும் இல்லை. ஓர் ஆண்டில் ஸ்பெயினிலிருந்து இறக்கிய முதுகெலும்பு அடுத்த ஆண்டு கிளம்பிப் போனால், அந்த இடத்துக்கு வர அடுத்த வரிசை தயாராக இருக்க வேண்டும். அந்த வரிசை மாவட்டங்களிலிருந்து வர வேண்டியது. மாவட்டத்தில் லீக் இருந்தால்தானே வரும்?

இங்கேதான் ஜெர்மனியைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023-24 பன்டஸ்லிகா என்றதும் எல்லோரும் லெவர்குசனைச் சொல்வார்கள். 34 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காமல், 28 வெற்றி, 6 சமன், 90 புள்ளி. பயர்ன் மியூனிக் தொடர்ந்து 11 ஆண்டு வைத்திருந்த பட்டத்தைப் பிடுங்கினார்கள். ஷாபி அலோன்ஸோவின் அணி அது, மறுப்பதற்கில்லை. ஆனால் லெவர்குசனுக்குப் பின்னால் பேயர் என்ற மருந்து நிறுவனம் இருக்கிறது. கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்ற ஜெர்மானிய விதிக்கே அது ஒரு விலக்கு.

நான் பார்த்தது எட்டாவது இடத்தை. அங்கே ஹைடன்ஹைம் என்று ஓர் அணி. அந்த ஊரின் மக்கள் தொகை ஐம்பதாயிரம் சொச்சம். 2011 கணக்கெடுப்பில் புதுக்கோட்டை நகரத்தின் மக்கள் தொகை 1,17,630. நம் நகரத்தில் பாதிகூட இல்லாத ஊர், முதன்முறையாக முதல்நிலை லீக்குக்கு ஏறி 42 புள்ளி எடுத்தது. 2024 ஏப்ரலில் சொந்த மைதானத்தில் பயர்ன் மியூனிக்கிடம் 0-2 என்று பின்தங்கி, பிறகு 3-2 என்று வென்றது. சீசன் முடிவில் ஐரோப்பியப் போட்டிக்கும் தகுதி பெற்றது.

பயிற்சியாளர் ஃபிராங்க் ஷ்மிட் அதே ஊரில் பிறந்தவர். 2007-ல் பொறுப்பேற்றபோது அணி வட்டார லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. 2009-ல் மூன்றாம் பிரிவு, 2014-ல் இரண்டாம் பிரிவு, 2023-ல் முதல் பிரிவு. ஏறிய அந்தக் கடைசி நாளையும் சொல்லியாக வேண்டும்: ரேகன்ஸ்பர்கில் 0-2 என்று பின்தங்கி, ஒரு கோல் திருப்பி, மீதி இரண்டையும் தொண்ணூறு நிமிடம் கடந்த பிறகு போட்டார்கள். தாங்கள் ஏறிவிட்டதாக நினைத்து ஹாம்பர்க் ரசிகர்கள் அதற்குள் மைதானத்தில் இறங்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். பதினாறு ஆண்டு, ஒரே பயிற்சியாளர், ஒவ்வொரு படியாக ஏற்றம். ஏணி இருந்தது, ஏறினார்கள். ஹைடன்ஹைம் பையனுக்கு எட்டு வயதிலிருந்தே சீசன் முழுக்க வார இறுதியில் ஆட்டம் இருக்கிறது. தோற்றாலும் அடுத்த வாரம் ஆட்டம் இருக்கிறது.

புதுக்கோட்டைப் பையனுக்கு? குடியரசு தினப் பள்ளிப் போட்டி, முதலமைச்சர் கோப்பை, பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ நடக்கும் சுழற்கோப்பை. பெரும்பாலும் தோற்றால் வெளியே. முதல் ஆட்டத்திலேயே பலமான பள்ளியிடம் மாட்டினால் அந்த ஆண்டுக் கால்பந்து அன்றைக்கு மத்தியானத்தோடு சரி. கடற்கரையோரமாக மாவட்ட எல்லையைத் தாண்டினால் எழுவர் கால்பந்துக்குப் பேர்போன அதிராம்பட்டினம். அங்கே கூட்டமும் உண்டு, ஆட்டமும் அருமை. ஆனால் எழுவர் ஆட்டம் வேறு கலை. சின்ன மைதானம், வேகமான கால், நடுக்களம் என்ற ஒன்றே கிடையாது. பதினொருவர் ஆட்டத்தில் எங்கே நிற்பது, எப்போது ஓடாமல் இருப்பது என்பதைப் பதினொருவர் ஆட்டம் ஆடித்தான் கற்க முடியும்.

நம் மாவட்டத்தில் திறமைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. கத்தக்குறிச்சியிலிருந்து கிளம்பிய சாந்தி 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனையைக் காட்டி அதை அவரிடமிருந்து பறித்தது தனிக் கொடுமை. சூர்யா 2016 தெற்காசிய விளையாட்டில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம். இந்த மண்ணில் கால்கள் ஓடும். ஓட்டத்துக்கு ஒரு நல்ல பயிற்சியாளரும் விடியற்காலையும் இருந்தால் பாதித் தூரம் போய்விடலாம். கால்பந்துக்கு எதிரணி வேண்டும், அதுவும் வாரா வாரம் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாவட்டத்தில் 12 வட்டங்கள். வட்டத்துக்கு ஓர் அணி, உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று ஆடினால் ஒவ்வோர் அணிக்கும் 22 ஆட்டம், மொத்தம் 132. பட்டம் வென்ற சென்னை சிட்டி ஆடியதைவிட இரண்டு கூடுதல். எடுத்த எடுப்பில் அவ்வளவு வேண்டாம் என்றால் ஒரே சுற்று. அணிக்கு 11, மொத்தம் 66. ஜனவரியில் தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறந்துவிட்டால் அடுத்த சில மாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காளைகளுக்கு. அதில் யாரும் கைவைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய 15 வாரம் மிச்சம். ஆடிக் காற்றில் தூக்கி அடிக்கிற பந்து சொன்ன இடத்துக்குப் போகாது. தரையோடு பாஸ் கொடுத்து ஆடக் கற்க அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. மாவட்டத்துக்குள் ஆக நீளமான பயணங்களில் ஒன்று விராலிமலையிலிருந்து மணமேல்குடி. புதுக்கோட்டையில் ஒரு தடவை, அறந்தாங்கியில் ஒரு தடவை பஸ் மாறினால், காலையில் கிளம்பிய அணி சாயங்கால ஆட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.