ஒரு மதிப்பெண்ணில் அடங்குமா நீரிழிவு?

தேர்வுக்கு மதிப்பெண் உண்டு என்பது நமக்குப் பழகிய செய்தி. நோய்க்கும் மதிப்பெண் உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? இதயத்தின் மேலறைகள் ஒழுங்கிழந்து நடுங்கும் நோய் ஒன்று உள்ளது. அந்நோய் உடையவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று அறிய, உலகெங்கும் மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் பட்டியலைப் பயன்படுத்தி வருகின்றனர். அப்பட்டியலில் நீரிழிவு நோய்க்குக் கிடைப்பது ஒரே ஒரு மதிப்பெண். அந்த ஒன்று சரிதானா, போதுமானதா என்பதை இங்கே ஆராய்வோம். நம் நாட்டில் ஏறத்தாழ பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. எனவே இது நம் வீட்டுக் கேள்வியும் ஆகும்.

நடுங்கும் மேலறைகள்

இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன என்பதைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். வலது மேலறையின் சுவரில் உள்ள சைனஸ் கணு என்னும் சிறு பகுதி, ஓய்வில் இருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை மின்தூண்டல்களை எழுப்புகிறது. அதன் ஆணைக்கு இணங்கி முதலில் மேலறைகளும், பின்னர் கீழறைகளும் சுருங்குகின்றன. மேலறைத் தசையில் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் தூண்டல்கள் எழுந்தால் என்ன ஆகும்? நிமிடத்திற்கு 350 முதல் 600 வரையான தூண்டல்கள் குறுக்கும் நெடுக்குமாய்ப் பாய்கின்றன. மேலறைகள் சுருங்குவதை விட்டு, காற்றில் ஆடும் அரசிலை போல் நடுங்குகின்றன. மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று கூறும் இந்நிலையை நாம் மேலறை நடுக்கம் எனலாம்.

நடுங்கும் அறையில் குருதி தேங்குகிறது. குறிப்பாக, இடது மேலறையில் பை போன்று நீண்டிருக்கும் பகுதியில் குருதி உறைந்து கட்டியாகிறது. அக்கட்டி அங்கிருந்து விடுபட்டு மூளைக் குழாய் ஒன்றை அடைத்தால் பக்கவாதம் வருகிறது. மேலறை நடுக்கம் உடையவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கணக்கிட்டுள்ளனர்.

நீரிழிவு இங்கு இரு வழிகளில் தீங்கு செய்கிறது. ஒன்று, மேலறை நடுக்கம் தோன்றவே அது துணைபுரிகிறது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகர மக்களை 38 ஆண்டுகள் கவனித்து 1994-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நீரிழிவு உடைய ஆண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 1.4 மடங்கும், பெண்களுக்கு 1.6 மடங்கும் இருக்கக் கண்டனர். மற்றொன்று, மேலறை நடுக்கம் வந்த பின்னர் பக்கவாத ஆபத்தை அது மேலும் கூட்டுகிறது. ஐந்து மருத்துவச் சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை 1.7 மடங்கு என்று கணக்கிட்டது.

பட்டியல் பிறந்த கதை

இத்தகைய கணக்குகளிலிருந்து 2001-இல் பிறந்ததுதான் சாட்ஸ் பட்டியல். அமெரிக்காவில் 65 முதல் 95 வயது வரையுள்ள 1,733 நோயாளிகளைக் கொண்டு அதனைச் சோதித்தனர். இதயச் செயலிழப்பு, இரத்தக் கொதிப்பு, 75-க்கு மேற்பட்ட வயது, நீரிழிவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், முன்பே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு மதிப்பெண், ஆக ஆறு. சுழியம் பெற்றவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 1.9 பேருக்கும், ஆறு பெற்றவர்களில் 18.2 பேருக்கும் பக்கவாதம் வந்தது. 2010-இல் ஐரோப்பிய அறிஞர்கள் இதனை விரிவாக்கினர். 65 முதல் 74 வரையான வயது, இரத்தக் குழாய் நோய், பெண்பால் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் தந்தனர். 75 வயதைக் கடந்தோருக்கு இரண்டாக உயர்த்தினர். சாட்ஸ்-வாஸ்க் எனப்படும் இப்பட்டியலில் மொத்தம் ஒன்பது. 2024-இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் வெளியிட்ட நெறிமுறை, பெண்பாலுக்குரிய மதிப்பெண்ணை நீக்கி மொத்தத்தை எட்டாக்கியது. இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் நீரிழிவின் மதிப்பெண் மட்டும் ஒன்றாகவே நிற்கிறது.

குறை கூறுமுன் நிறையைக் கூறுவதே முறை. இப்பட்டியல் செய்த நன்மை சிறிதன்று. வார்ஃபரின் போன்ற உறைவுத் தடுப்பு மருந்து பக்கவாதத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. ஆஸ்பிரின் குறைப்பதோ ஐந்தில் ஒரு பங்குதான். இருந்தும், குருதிக் கசிவுக்கு அஞ்சி ஆஸ்பிரினோடு நிறுத்திவிடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அந்த அச்சம் எவ்வளவு மிகையானது என்பதை 2011-இல் வெளியான அவெரோஸ் ஆய்வு காட்டியது. வார்ஃபரின் பொருந்தாத 5,599 பேரில் ஒரு சாராருக்கு அபிக்சபானும் மறு சாராருக்கு ஆஸ்பிரினும் தரப்பட்டன. பக்கவாதமும் உடலின் பிற குழாய்களில் கட்டி அடைப்பும் ஆண்டுக்கு நூற்றுக்கு 3.7-லிருந்து 1.6 ஆகக் குறைந்தன, பெருங்கசிவு 1.2-க்கு 1.4 என்று ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. யாருக்கு உண்மையான பாதுகாப்பு வேண்டும் என்பதைக் கைவிரல் விட்டு எண்ணிவிடும்படி எளிமையாக்கியது இப்பட்டியலே. எந்தக் கருவியும் இன்றிச் சிற்றூர் மருத்துவமனையிலும் இதனைக் கையாளலாம்.

ஆம், இல்லை என்னும் இரு கட்டங்கள்

இனிக் குறைக்கு வருவோம். அறுபது வயதுள்ள இருவரை எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் மேலறை நடுக்கம் உண்டு. இரத்தக் கொதிப்பு இல்லை. ஒருவருக்கு நீரிழிவு கண்டறியப்பட்டுச் சென்ற மாதந்தான் ஆயிற்று. மற்றவருக்குப் பதினெட்டு ஆண்டுகளாக நீரிழிவு. சிறுநீரில் புரதமும் போகிறது. பட்டியல் இருவருக்கும் தருவது அதே ஒரு மதிப்பெண். நெறிமுறையோ, இரண்டு மதிப்பெண் இருந்தால் உறைவுத் தடுப்பு மருந்து தருக என்றும், ஒன்று இருந்தால் தருவதைக் கருதுக என்றும் கூறுகிறது. தீர்ப்பு ஊசலாடும் அந்த எல்லைக்கோட்டில்தான் நம் நோயாளிகள் இருவரும் நிற்கிறார்கள். அவ்விடத்தில் வேறுபாடு காட்டாத அளவுகோல் எதற்கு?

வேறுபாடு உண்மையில் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். கலிஃபோர்னியாவில் நடந்த அட்ரியா ஆய்வின் முடிவு ஒன்று 2016-இல் வெளியாயிற்று. நீரிழிவு வந்து மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு, அதற்குக் குறைவானவர்களைவிட 74 விழுக்காடு கூடுதலான பக்கவாத ஆபத்து இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவுக்கோ அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. ஆகவே, சர்க்கரை அளவையே மதிப்பெண்ணாக்கிவிடலாம் என்று சொல்வோரும் அவசரப்படலாகாது. ஆண்டுக்கணக்கில் குழாய்களிலும் தசையிலும் நடந்த சேதத்தை இன்றைய குருதிச் சோதனை ஒன்று அப்படியே காட்டிவிடாது.

மதிப்பெண் தரும் பட்டியலுக்கே நாம் மதிப்பெண் தந்தால் என்ன கிடைக்கும்? பக்கவாதம் வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் இணையாக எடுத்துக்கொள்க. எல்லா இணைகளிலும் வந்தவருக்கே கூடுதல் மதிப்பெண் இருந்தால் பட்டியலின் திறன் 1. காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னால் அது 0.5. ஐரோப்பாவில் 1,084 நோயாளிகளைக் கொண்டு நடந்த 2010 ஆய்வில் சாட்ஸ்-வாஸ்க் பெற்றது 0.606. காசு சுண்டுவதைவிட மேல். ஆனால் ஒருவரின் தலைவிதியைக் கூறும் சோதிடம் அன்று. கூட்டத்திற்குச் சராசரி கூறும் கருவியைத் தனி ஒருவருக்குத் தீர்ப்பாகப் படித்துவிடக் கூடாது என்பதை இந்த எண் உணர்த்துகிறது.

பட்டியலில் இல்லாதவை

மதிப்பெண்ணைக் கூட்டி, மருந்துச் சீட்டை எழுதியவுடன் வேலை முடிந்தது என்று எண்ணச் செய்வதே இதன் பெருங்குறை. நீரிழிவாளருக்கு உண்மையான வேலை அதன் பின்னர்தான் தொடங்குகிறது.

முதலாவது, சிறுநீரகம். நீரிழிவு மெல்ல மெல்ல அதனைப் பழுதாக்குகிறது. உறைவுத் தடுப்பு மருந்தாகிய டபிகட்ரான் ஏறத்தாழ 80 விழுக்காடு சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடலில் தங்கிக் குருதிக் கசிவை உண்டாக்கக் கூடும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையேனும் சிறுநீரகச் சோதனை தேவை. இப்பட்டியலில் சிறுநீரகத்திற்கென ஓர் எழுத்துகூட இல்லை.

இரண்டாவது, தாழ்சர்க்கரை. நாடி வேகத்தைக் குறைக்க மெட்டோபிரலால் போன்ற மருந்துகளைத் தருவர். சர்க்கரை திடீரென இறங்கும்போது கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இந்த அபாய மணிகள் ஒலிக்காதபடி இம்மருந்துகள் செய்துவிடக் கூடும். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறைவதில்லை. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். வார்ஃபரினுடன் கிளிமிபிரைடு அல்லது கிளிபிசைடு சேரும்போது, தாழ்சர்க்கரைக்காக மருத்துவமனை செல்ல நேர்ந்தவர்கள் கூடுதலாக இருந்ததை 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

மூன்றாவது, சர்க்கரையை எவ்வளவு இறக்குவது என்பது. கடுமையாக இறக்கினால் மேலறை நடுக்கம் வராது என்று நம்பலாமா? 10,251 பேரைக் கொண்ட அக்கார்ட் ஆய்வில், கடுங்கட்டுப்பாட்டுப் பிரிவில் இறப்பு மிகுந்ததால் 2008-இல் அம்முறையை நிறுத்தினர். மேலறை நடுக்கமும் அதனால் குறையவில்லை என்று 2014-இல் அறிவித்தனர். மாறாக, டபாகிளிஃப்ளோசின் என்னும் மருந்து பெற்ற நீரிழிவாளர்களிடம் மேலறைத் துடிப்புக் கோளாறுகள் 19 விழுக்காடு குறைந்ததாக 2020-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. எவ்வளவு இறக்குகிறோம் என்பதோடு, எந்த வழியில் இறக்குகிறோம் என்பதும் பொருட்டு என்று தெரிகிறது.

நான்காவது, வாதக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வு சுருங்கியவர்கள். நம் போன்ற நாடுகளில் இவர்கள் இன்னும் உள்ளனர். வால்வு நடுத்தரமாகவோ கடுமையாகவோ சுருங்கியிருந்தால் இப்பட்டியலே பொருந்தாது. மதிப்பெண் சுழியமானாலும் உறைவுத் தடுப்பு வேண்டும். அதிலும் பழைய வார்ஃபரின் வகையே சிறந்தது என்பதை 24 நாடுகளில் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் காட்டியது.

நம் முடிவு

2024 நெறிமுறை ஒரு நல்ல திருத்தம் செய்துள்ளது. பக்கவாதத் தடுப்பையும் முந்தி, உடன் இருக்கும் நோய்களைக் கவனிப்பதை முதற்படியாக வைத்துள்ளது. அதில் சர்க்கரைக் கட்டுப்பாடும் அடங்கும். இது வரவேற்கத்தக்கது. ஆனால் அதே ஏட்டின் மதிப்பெண் பட்டியலில் நீரிழிவு இன்னும் ‘ஆம், இல்லை’ என்ற இரு கட்டங்களுக்குள் அடைபட்டே கிடக்கிறது. முதற்படியில் கண்ட உண்மையை இரண்டாம் படி மறந்துவிட்டது எனலாம். நோயின் காலத்தையும் சிறுநீரகத்தின் நிலையையும் சேர்த்தால் பட்டியலின் எளிமை சிறிது குறையும். எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு நீதி கூடும்.

ஆகவே பட்டியலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை; அதனை வாசற்படியாகக் கொள்ள வேண்டும், வீடாகக் கொள்ளலாகாது. உங்கள் வீட்டில் நீரிழிவு உடைய பெரியவர் இருந்தால், அவரது மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணிப் பாருங்கள். துடிப்புகளின் இடைவெளி தாறுமாறாக இருந்தால் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். நோய் உறுதியானால் மருத்துவரிடம் மூன்று செய்திகளைத் தவறாமல் கூறுங்கள்: நீரிழிவு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின, கடைசிச் சிறுநீரகச் சோதனையில் என்ன கண்டது, சர்க்கரைக்கு எந்தெந்த மாத்திரைகள் உள்ளே போகின்றன. பட்டியல் கேட்காத கேள்விகள் இவை. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம்.